45 டொலர் றப்பர் வலை: இரண்டு சீசன் பாவித்த பிறகு

விலை 39.99. வரியோடு 45.19. கனடாவில், ஸ்காபரோவில் தூண்டில் சாமான் விற்கிற கடை ஒன்றில் 2023 ஜூன் முதல் வாரம் வாங்கினேன். இதே வலையை, இதே அச்சை, இதே கைபிடியை நாலைந்து பெயர்களில் விற்கிறார்கள், ஸ்டிக்கர் மட்டும்தான் வேறு. அதனால் பெயரை விடுங்கள். கடையில் கையில் எடுத்ததும் வலையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். விசயம் அங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

கையால் அள்ளுகிற சின்ன வலை இது. தூண்டிலில் மாட்டிய மீனைக் கரைக்கு அருகே கொண்டுவந்ததும் கீழே கொடுத்து ஏந்துவதற்கு. அலுமினிய வளையம், நீட்டிச் சுருக்குகிற கைபிடி, இரண்டாக மடிகிற மூட்டு. நூலுக்குப் பதிலாக, கண்ணாடி மாதிரி ஊடே தெரிகிற றப்பரில் வார்த்த வலை. பெட்டியைத் திறந்ததும் புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி ஒரு வாசனை வந்தது. மனுசி அதை வீட்டுக்குள் வைக்க விடவில்லை.

அப்பா கையில் வாங்கி, வளையத்தைத் தட்டிப் பார்த்து, விலைச் சீட்டைத் தேடிப் பிடித்து வாசித்தார்.

“பிடிச்ச மீனைத் திருப்பி விடுறதுக்கு நாப்பத்தைஞ்சு டொலரா மனே?”

மட்டக்களப்பு வாவியில் அத்தாங்கு வைத்து இறால் அள்ளிய மனிதர். வலை என்றால் சட்டிக்கு வழி என்று வளர்ந்தவர். அவர் கேட்டதில் பிழையில்லை. ஆனால் அதற்கு முந்தின வாரம் நடந்ததை அவரும் கூட இருந்து பார்த்தவர்தான்.

மே 27, சனிக்கிழமை. ஸ்கூகொக் ஏரி. தெரிந்த ஒருவரின் கொட்டேஜ், அதன் முன்னால் தண்ணீருக்குள் நீளும் மர டொக். நான், அப்பா, பதின்மூன்று வயது மகன். அப்பாவுக்கு 65 தாண்டிவிட்டதால் மீன்பிடி லைசன்ஸ் வேண்டாம், மகனுக்கு 18 ஆகாததால் வேண்டாம், நடுவில் நான் மட்டும்தான் அட்டையோடு திரிகிறவன். நாங்கள் போனது சன்ஃபிஷ், கிராப்பி என்ற சின்ன மீன்களுக்கு. மண்புழு, சின்னக் கொக்கி, சிவப்பு வெள்ளை மிதப்பு. அவை இரண்டுக்கும் அப்போது தடை கிடையாது. பாஸ் மீனுக்கு அந்தப் பகுதியில் ஜூன் மூன்றாவது சனிக்கிழமைதான் சீசன் திறப்பு. அந்த வருசம் அது ஜூன் 17, சரியாக மூன்று வாரம் இருந்தது. ஆனால் புழுவைப் போட்டுவிட்டு யார் வந்து கடிக்கவேண்டும் என்று யாரால் சொல்லமுடியும்? மிதப்பு ஒரேயடியாகத் தாழ்ந்தது, தடி வளைந்தது, மகன் கத்தினான். லார்ஜ்மௌத் பாஸ். அவன் வாழ்க்கையில் பிடித்த முதல் பெரிய மீன்.

அப்போது எங்களிடம் இருந்தது பச்சை நைலோன் வலை. முடிச்சு முடிச்சாகக் கட்டியது, பன்னிரண்டு டொலர். மீன் அதற்குள் சுருண்டு விழுந்து, இரண்டு தரம் புரண்டு, தன்னைத்தானே பொதி கட்டிக்கொண்டது. செட்டை முள்ளுகள் வலைக் கண்களுக்குள் போய் மாட்டின. கொக்கியும் வாயிலிருந்து பாதி வெளியே வந்து நைலோனில் குத்திக்கொண்டது. டொக் பலகையில் கிடத்தித்தான் பிரித்தோம், வெயிலில் காய்ந்து கிடந்த பலகை. பிறகு அப்பா அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். மகன் போனை எடுத்தான். “அப்பப்பா, கொஞ்சம் வெயில் பக்கம் திரும்புங்க.” திரும்பினார். “இப்ப நான் பிடிக்கிறன், அப்பா நீங்க எடுங்க.” எடுத்தேன். பிறகு மூன்று பேரும் சேர்ந்து ஒன்று. நான் உட்படத்தான் சொல்கிறேன், யாரையும் குறை சொல்வதற்கில்லை.

இரவு வீட்டில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மீனின் விலாவில் அப்பாவின் நாலு விரலும் மங்கலாகப் பதிந்திருந்தன. காய்ந்த கை தொட்ட இடமெல்லாம் வழுவழுப்புப் போய்விட்டது. வால் செட்டை இரண்டு இடத்தில் சீப்புப் பல் மாதிரிக் கிழிந்திருந்தது. மகன் எடுத்த வீடியோவின் நீளம் ஒரு நிமிசம் 52 செக்கன். அந்த வீடியோ தொடங்குவதற்கு முதலே மீன் வெளியே வந்துவிட்டது. முடிந்த பிறகுதான் தண்ணீருக்குள் போனது. பச்சை வலை காரின் பின்பெட்டியில் கிடந்து, கஞ்சித் தண்ணீர் காய்ந்த துணி மாதிரி விறைத்துப் போயிருந்தது. அவ்வளவும் மீனின் தோலில் இருக்கவேண்டியது. அந்தப் பசைதான் பூஞ்சணமும் கிருமியும் ஏறாமல் மீனைக் காக்கிற போர்வை.

இதெல்லாவற்றையும்விட எனக்கு ஒட்டிக்கொண்ட காட்சி வேறு. மீனை விட்ட பிறகு, கூசாத (போலரைஸ்ட்) கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டொக்கின் ஓரத்தில் குனிந்து பார்த்தேன். சேற்று நிறத் தரையில் ஒரு பெரிய தாம்பாளம் அளவுக்கு வட்டமாக, வெளிறலாக, கூட்டித் துடைத்து வைத்த மாதிரி ஒரு இடம். அதற்குள் ஏழெட்டு சன்ஃபிஷ் தலையைக் கீழே குத்திக்கொண்டு மேய்ந்துகொண்டிருந்தன. அதுதான் பாஸ் மீனின் கூடு. பாஸ் மீனில் முட்டையைக் காப்பது ஆண். பெண் இட்டுவிட்டுப் போய்விடும். ஆண்தான் வாலால் தரையைத் துப்புரவாக்கி, பொரிக்கும்வரை, பொரித்த பிறகும் குஞ்சுகள் கலையும்வரை, காவல் நிற்கும். எங்கள் புழுவை அது பசிக்குக் கவ்வியதா, வாசலில் வந்த கள்ளனை விரட்டக் கவ்வியதா என்று சொல்லமுடியாது. இரண்டு நிமிசத்துக்கு மேல் நாங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது வீட்டில் ஆள் இல்லை. நாங்கள் பிடிக்கப்போன அதே சன்ஃபிஷ்கள்தான் உள்ளே புகுந்து சாப்பிட்டன.

ஒன்ராறியோவில் மே, ஜூனில் பாஸ் தடை இருப்பதற்குக் காரணமே இதுதான். குயீன்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் நிலையம் இருக்கிற ஒபினிகொன் ஏரியில் இதைப் பல வருசமாகப் பார்த்திருக்கிறார்கள். காவல் நிற்கிற ஆணைப் பிடித்துத் திருப்பி விட்டாலும், அது களைத்துப்போனால், திரும்பிவர நேரமெடுத்தால், கூட்டை அப்படியே கைவிட்டுவிடுவதும் உண்டு. மீன் உயிரோடு போய்விட்டதே என்று நாங்கள் சந்தோசமாக வீட்டுக்கு வந்துவிடுவோம்.

சரி, வலைக்கு வருகிறேன்.

முதலில் அடி. நான் சொன்ன விசயம் இதுதான்: இந்த வலையின் அடி தட்டையானது. பழைய வலை கூம்பு மாதிரித் தொங்கும், மீன் அதில் வளைந்து மடிந்து கிடக்கும். இதில் வளையத்தைத் தண்ணீர் மட்டத்தில் வைத்துப் பிடித்தால் மீன் உள்ளே நீட்டி நிமிர்ந்து நிற்கிறது. செவுள் திறந்து மூடுவது தெரிகிறது. நீந்த இடமில்லை என்றாலும் மூச்சு விட இடம் இருக்கிறது. ஒரு சின்னத் தொட்டியைக் கையில் பிடித்திருக்கிற மாதிரி. அந்த ஒன்றுக்காகவே காசு சரி என்பேன்.

இரண்டாவது, றப்பர். கொக்கி அதில் குத்துவதில்லை. மூன்று முனைக் கொக்கி போட்ட தூண்டிலைக்கூட இரண்டு சீசனில் ஒரு தரம்தான் மாட்டிக் கழற்றினேன். மீனின் பசை அதில் ஒட்டுவதும் மிகக் குறைவு. வீட்டுக்கு வந்து தொட்டுப் பார்த்தால் சும்மா ஈரம்தான். 2003இல் புளூகில் என்ற சன்ஃபிஷ் வகையை வைத்துப் பலவிதமான வலைகளை ஒப்பிட்டு ஒரு ஆய்வு வந்தது. முடிச்சு வலைதான் செட்டையையும் தோலையும் அதிகமாகக் கெடுத்தது, றப்பர் நல்ல பக்கத்தில் நின்றது. ஆனால் வலையே பாவிக்காமல் விட்ட மீன்கள்தான் எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தன. இதை எந்த வலைப் பெட்டியிலும் அச்சடிக்கமாட்டார்கள், நியாயம்தான்.

மூன்றாவது, படம். கறுப்பு வலைக்குள் மீன் கறுப்பாகத் தெரியும். இந்த றப்பர் ஊடே தெரிவதால், தண்ணீருக்குள் மேலே இருந்து எடுத்தால் வலை பாதி மறைந்துவிடுகிறது. மீனின் பக்கவாட்டுக் கோடு, முதுகுப் பச்சை, எல்லாம் வருகிறது. கையில் தூக்கிப் பிடித்த படத்தைவிட இது அழகு என்று நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். மகனும் நம்பவில்லை. தூக்கிப் பிடித்த மீன் வாயைப் பிளந்து, கண் வெளியே தள்ளி, நிறம் வெளிறிப் போயிருக்கும். தண்ணீருக்குள் இருக்கிற மீன் மீன் மாதிரி இருக்கும்.

ஒரு சின்ன வித்தை. தண்ணீர் மினுங்கிப் படம் வெள்ளையாகப் போகிறது என்றால், அதே கூசாத கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, அதன் ஒரு வில்லையைப் போன் கமராவுக்கு முன்னால் பிடியுங்கள். கொஞ்சம் திருப்பிப் பார்த்தால் மினுக்கம் போய் அடி தெரியும். வீடியோவாகவே ஓடவிட்டு, பிறகு வீட்டில் இருந்து நல்ல இடத்தை நிறுத்தி எடுத்துக்கொள்ளலாம். “ஒன்று, இரண்டு, மூன்று, சிரி” என்று சொல்லிக்கொண்டிருந்தால் மீன்தான் நேரம் கொடுக்கவேண்டும்.

நேரம் என்றதும் ஒரு கணக்கு. 1992இல் அதே குயீன்ஸில் ரெயின்போ ட்ரவுட்டை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஓடவைத்து நன்றாகக் களைக்கவைத்த மீன்களை வெளியே எடுக்காமலே விட்டபோது 12 வீதம் பிறகு செத்தன. களைத்ததோடு 30 செக்கன் காற்றில் வைத்தவற்றில் 38 வீதம். ஒரு நிமிசம் வைத்தவற்றில் 72 வீதம். பாஸ் ட்ரவுட்டைவிடத் திடமான மீன், இந்தக் கணக்கை அப்படியே எடுத்து ஒட்டுவது சரியில்லை. ஆனாலும் எங்கள் ஒரு நிமிசம் 52 செக்கனை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு வயிறு கொஞ்சம் பிசைந்தது. செவுள் இதழ்கள் தண்ணீரில் விரிந்து நிற்கும்; வெளியே எடுத்ததும் நனைந்த புத்தகத்தின் தாள்கள் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காற்று முழுக்க ஒட்சிசன் இருந்தும் மீனுக்கு எடுக்கமுடியாது.

இனிக் குறைகள். இருக்கிறது, கொஞ்சம் இல்லை.

மடிகிற மூட்டில் ஒரு பிளாஸ்ரிக் பொத்தான். அதை அமுக்கினால்தான் வளையம் மடியும். மண் போனால் இறுகிவிடும், பல்லுக்குத்தும் குச்சியால் கிண்டவேண்டும். 2024 ஜனவரியில் அதைக் காரின் பின்பெட்டியில் மறந்து விட்டுவிட்டேன். அந்தக் குளிரில் பிளாஸ்ரிக் வெடித்துவிட்டது. றப்பர் வலையும் தகரம் மாதிரி விறைத்திருந்தது, ஆனால் வீட்டுக்குள் கொண்டுவந்ததும் பழையபடி இளகிவிட்டது, வெடிப்பு இல்லை. பொத்தானோடு கடைக்குப் போனேன். முப்பது நாள் தாண்டிவிட்டது என்று சொன்ன பையன் என் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. தயாரிப்பாளருக்கு எழுதுங்கள் என்று ஒரு முகவரி தந்தான். எழுதினேன். பதில் இன்னும் வருகிறது.

பாரம். காய்ந்திருக்கும்போதே நைலோன் வலையைப் போல இரண்டு மடங்கு இருக்கும். ஒரு கையில் தடி, மறு கையில் இதை நீட்டிப் பிடித்தால் மணிக்கட்டு சொல்லும். தனியாகப் போகிறவர்கள் கைபிடியை முழுதாக நீட்டாதீர்கள்.

மிதக்காது. பெட்டியில் மிதக்கும் என்று இருந்தது. அப்பாவின் கையிலிருந்து நழுவியது, இரண்டு குமிழ், அவ்வளவுதான். ஸ்கூகொக் 1830களில் லிண்ட்சேயில் அணை கட்டியதால் பெருகிய ஏரி, சராசரி ஆழம் ஒன்றரை மீற்றர்கூட இல்லை. அதனால் மகன் இறங்கிக் காலால் துழாவி எடுத்துவிட்டான். சிம்கோ ஏரியில் நழுவியிருந்தால் 45 டொலருக்கு ஒரு கும்பிடு. இப்போது கைபிடியில் நீச்சல் குளத்து நுரைக் குழாயில் ஒரு துண்டு வெட்டி மாட்டியிருக்கிறேன். பார்க்க வடிவில்லை.

வலையின் அடியில் அங்குல அளவுக்கோடு அச்சடித்திருந்தார்கள். முதல் சீசனிலேயே பாதி அழிந்தது. இப்போது 9க்கும் 14க்கும் இடையில் எல்லாம் ஒரே அங்குலம். மீன் பிடிக்கிறவனுக்கு இது குறையா நிறையா என்று நீங்களே யோசியுங்கள்.

இப்போது பலர் என்னிடம் கேட்கிற கேள்வி. வருசா வருசம் மே மாதம் எங்கள் வட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் பாஸ் மீனைத் தூக்கிப் பிடித்துப் படம் போடுவார். கீழே ஒருவர், “மச்சான், சீசன் இன்னும் திறக்கேல்லையே?” உடனே பதில்: “தெரியாமல் பிடிபட்டது, படம் எடுத்துட்டு விட்டுட்டன்.” எல்லாரும் விட்டவர்கள்தான். ஆனால் படத்தில் இருப்பது பிடித்திருக்கிற கை, விடுகிற கை இல்லை. வனத்துறை அதிகாரி அந்தப் படத்தைப் பார்த்தால் எதை நம்புவார்?

ஒன்ராறியோ விதி இரண்டு விசயம் சொல்கிறது. தடைக்காலத்தில் ஒரு மீனைப் பிடிக்க முயல்வதே பிழை, திருப்பி விடுகிற எண்ணத்தோடு என்றாலும். தவறுதலாகப் பிடிபட்டால் உடனே தண்ணீருக்குள் விடவேண்டும். “உடனே” என்பதற்கு எத்தனை செக்கன் என்று எழுதவில்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் இதை இன்னும் இறுக்கியிருக்கிறார்கள்: ஆற்றில் பிடிபட்ட சால்மன், ஸ்ரீல்ஹெட் போன்றவற்றை வைத்துக்கொள்ள அனுமதியில்லை என்றால், முழுதாகத் தண்ணீருக்கு வெளியே தூக்குவதே குற்றம். படத்துக்குத் தூக்கினேன் என்பதும் தூக்கியதுதான்.

நான் எனக்கு வைத்துக்கொண்ட கணக்கு ஒன்று. கொக்கியைக் கழற்றுகிற நேரம்தான் படத்துக்கும் நேரம். தடைக்கால மீன் என்றாலும் கொக்கியைக் கழற்றத்தானே வேண்டும். வலை தண்ணீருக்குள், மீன் வலைக்குள், என் கையில் குறடு. பக்கத்தில் நிற்கிறவர் போனில் அந்த வேலையை எடுத்தால் மீனுக்கு ஒரு செக்கனும் கூடுவதில்லை. கொக்கி வந்ததும் வளையத்தைத் தாழ்த்திவிடுவேன், படம் வந்ததோ வரவில்லையோ. இன்னொரு தரம் என்று கேட்டால் இல்லை. கொக்கியின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கி விட்டால் இந்த வேலை ஆறேழு செக்கனில் முடிந்துவிடும். தனியாக நிற்கிறேன் என்றால் படமே கிடையாது. இந்த வலை இல்லாமல் இந்தக் கணக்கைக் காப்பாற்றமுடியாது. பச்சை வலைக்குள் கொக்கியைத் தேடவே ஒரு நிமிசம் போகும்.

இதை ஒழுங்காகச் செய்த ஒரு நாளைச் சொல்கிறேன். 2023 அக்டோபர், பின்னேரம் மங்கும் நேரம், அதே டொக். கிராப்பிக்குப் போட்ட சின்னத் தூண்டிலில் வால்ஐ (walleye) என்ற மீன் ஒன்று. ஸ்கூகொக்கில் அந்த மீனுக்குச் சீசனே இல்லை. எண்ணிக்கை விழுந்துபோனதால் 2016இலிருந்து வருசம் முழுக்கத் தடை. பக்கத்து ஏரிகளில் பிடிக்கலாம், இங்கே கூடாது. அப்பாவுக்கு அதன் பெயர் காதில் விழுந்த நாளிலிருந்து “வாளை”தான். “வாளை எண்டால் நீட்டுக்கு வெள்ளிப் பட்டி மாதிரி இரிக்கணும், இதென்ன கட்டையா இரிக்கு” என்று ஒவ்வொரு தரமும் ஒரு ஆட்சேபனை வேறு. வலைக்குள் அது அசையாமல் நின்றது. மகன் போன் வெளிச்சத்தைத் தட்டியதும் கண் இரண்டும் இருட்டில் மாட்டுக் கண் மாதிரி மின்னின. மங்கல் வெளிச்சத்தில் இரை தேடுகிற மீனுக்குக் கண்ணுக்குள்ளே பின்பக்கம் அப்படி ஒரு படலம். கொக்கி மேல் உதட்டில்தான். ஒரு திருப்பு, வந்துவிட்டது. வளையத்தைத் தாழ்த்தினேன். முதுகுச் செட்டையை ஒரு தரம் விரித்துக் காட்டிவிட்டு அது போய்விட்டது. வீடியோ ஒன்பது செக்கன். அதில் நாலு செக்கன் என் மணிக்கட்டு. மீதி ஐந்தில் அந்தக் கண் இருக்கிறது. பிறகு வெளிச்சம் அடித்ததற்காக மகனுக்கு இரண்டு வார்த்தை சொன்னேன், அந்தக் கண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும்.

அப்பா பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது நல்லாரிக்கு.” அப்புறம், சும்மா இருக்கமுடியாமல், “கல்லடிப் பாலத்தடியில மீன் பாடுதெண்டு எத்தின பேர் தோணியில போய்க் கேட்டிருக்கம். ஆராவது படம் எடுத்தவனா?” பாடுவது மீனா, ஊரி என்ற நத்தையா என்றே ஊரில் இன்னும் முடிவாகவில்லை, அது வேறு வழக்கு.

ஆனால் ஒரு இடத்தில் இந்த வலை உதவாது, உதவவும் கூடாது. கூட்டில் நிற்கிற பாஸ். மே, ஜூனில் கரையோரம் அந்த வெளிறிய வட்டத்தைக் கண்டால் நான் இப்போது தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு டொக்கின் மறுபக்கம் போய்விடுகிறேன். அங்கே தெரிந்துகொண்டு புழுவைப் போட்டுவிட்டுத் தவறுதலாகப் பிடிபட்டது என்று சொல்லமுடியாது. வட்டத்தைக் காணாமல் போட்டு மீன் மாட்டிக்கொண்டால் வலையைத் தொடுவதே இல்லை. நூலை இழுத்துப் பக்கத்தில் கொண்டுவந்து, குனிந்து, தண்ணீருக்குள்ளேயே குறடால் ஒரு திருப்பு. 2024 மேயில் அப்படி இரண்டு. இரண்டுக்கும் படம் இல்லை. ஒன்று விட்ட இடத்திலிருந்து நேரே வட்டத்துக்குள் போய் நின்று, உள்ளே வந்திருந்த சன்ஃபிஷ்ஷை மூக்கால் இடித்துத் துரத்தியது. மகன் போனைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எடுக்க மறந்துவிட்டானா, எடுக்கவில்லையா, நான் கேட்கவில்லை.

ஆக, யார் வாங்கலாம்? டொக், படகு, கரை, எங்கே நின்றாலும் தண்ணீருக்குக் கை எட்டுகிற தூரத்தில் நிற்கிறவர்கள். உயரமான பாலத்திலிருந்து பிடிக்கிறவர்களுக்கு இது சரிவராது, இழுத்து மேலே எடுக்கவேண்டி வரும், அப்போது தட்டை அடிக்கு வேலையே இல்லை. சன்ஃபிஷ் மட்டும் பிடிப்பவர்களுக்கும் வேண்டாம், கையை நனைத்துக்கொண்டு பிடித்து விட்டால் போதும். பாஸ், வால்ஐ வரும் ஏரிக்குப் போகிறவர்கள், குறிப்பாகப் பிள்ளைகளோடு போகிறவர்கள், வாங்குங்கள். அவர்களுக்குப் படம் வேண்டும்; படம் வேண்டாம் என்று சொல்லி அவர்களை ஏரிக்குக் கூட்டிப்போகவும் முடியாது. வளையம் இரண்டு அளவில் வருகிறது. நான் எடுத்தது சின்னது, இருபது அங்குலத்துக்கு மேல் மீன் வந்தால் வால் மடிகிறது. பத்து டொலர் கூடக் கொடுத்துப் பெரியதை எடுங்கள்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுப்பேன். பொத்தானுக்காகவும் மிதக்கும் என்ற பொய்க்காகவும் ஒன்றை வெட்டினேன். கடைக்குத் தனியாக மார்க் போடச் சொன்னால் வேறு கதை.

வெடித்த பொத்தானுக்குப் பதிலாக இப்போது துருப்பிடிக்காத ஒரு போல்ட் போட்டிருக்கிறேன். கால் அங்குலத் தடிப்பு, ஒன்றரை அங்குல நீளம், உள்ளே நைலோன் வளையம் வைத்த நட். எல்லாம் சேர்த்து மூன்று டொலருக்குள். வலை இனி மடியாது, காரில் பின்சீற்றில் படுத்துத்தான் வருகிறது, ஆனால் ஆட்டம் இல்லை. துளையைப் பெரிதாக்கத் தேவையில்லை, அப்படியே போகும்.